வருஷத்துக்கு ஒரு முழம்

— அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா அண்ணி?

— நீ பொய் சொல்றேன்னு யாரு சொன்னா? நீ சந்தைக்கு அடிக்கிற முளை எண்பத்து நாலு அடி தள்ளி நிக்குதுன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற.

— எண்பத்து நாலு அடியா! நாலு விரல் தள்ளியிருக்குன்னாலே எனக்குத் தூக்கம் வராது. ஊர்ச்சபை முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன், என் முளை ஒரு முழம் தள்ளியிருந்தாக்கூட முளையடிக்கிற கொட்டாப்புளியையே கீழ வெச்சிடறேன்னு. எங்க பூட்டன், பாட்டன், அப்பா, எல்லாரும் அடிச்ச இடம் அது.

— அவசரப்பட்டு வாயை விடறது உங்க குடும்ப வியாதி. உங்க அண்ணனும் லாரியில ஏறி உக்காந்து இப்படித்தான் ஊரெல்லாம் வாக்குக் குடுத்துட்டு வர்றார். முதல்ல டீயைக் குடி, ஆறுது.

— இறங்கல அண்ணி. பதினோரு மணிக்கு சபை. ஐஸ் கம்பெனிக்காரர் வக்கீலோட வர்றாராம். சந்தை என் நிலத்துல வந்து உக்காந்திருக்குன்னு அவர் சொல்லுவார், நீங்க அளந்த தாளை ஆமான்னு நீட்டுவீங்க. கடைசி நாலு வரிசையை எடுன்னுடுவாங்க. கடைசியில நிக்கறது யாரு? ராட்டினம்.

— ராட்டினத்தை நடுவுல போட முடியாதா?

— நடுவுல இருக்கிறது தீ வண்டி போற வழி. அதை அடைக்கக் கூடாது. ராட்டினத்துக்காரர் நேத்தே போன்ல சொல்லிட்டார், இடம் இல்லேன்னா லாரியை வேற ஊருக்குத் திருப்பிடுவேன்னு. ராட்டினம் இல்லாத சந்தைக்கு எந்தப் பிள்ளை வரும்? பிள்ளை வரலேன்னா பொம்மைக்காரர் எதுக்கு வரணும்? நூத்தி பன்னெண்டு தடவை நடந்திருக்கு அண்ணி. நூத்தி பதிமூணாவது இல்லேன்னு ஆயிடும்.

— அது தெரிஞ்சுதான் உன்னை உக்கார வெச்சுக் கேக்கறேன். ஆபீஸ்ல வேற சர்வேயர் இருந்தா நான் இதுல கையே வெச்சிருக்க மாட்டேன். ஒருத்தர் லீவு, இன்னொருத்தர் காலை ஒடிச்சுக்கிட்டார். 'உங்க வீட்டு விஷயம்னு தெரியும், அளந்து மட்டும் குடும்மா'ன்னுட்டார் எங்க ஆபீசர். ரெண்டு தடவை அளந்தேன். அளவு சரி. ஏன் அப்படின்னுதான் புரியல. ஏன்னு புரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— பத்திரத்துல தப்பு இருக்கும்.

— சரி, அடுத்து. பத்திரத்தையே வாசிக்கறேன், கேளு. 'சாலை ஓரந்தொட்டுக் கிழக்கே நானூறு அடி, சந்தை கூடும் காலமெல்லாம் சந்தைக்கே.' சாலை எங்க இருக்கு?

— நம்ம வாசல்ல.

— அங்கேருந்து நானூறு அடி எங்க முடியுது?

— ஐஸ் கம்பெனி எல்லைக்கல்லுல. ஆனா சந்தை நம்ம வாசல்லயா ஆரம்பிக்குது? வீடு தாண்டி, கொல்லை தாண்டி, அதுக்கப்புறம்தானே முதல் முளை. நடுவுல வீடு இருக்கிறதை மறந்துட்டு எழுதியிருக்கார் பத்திரக்காரர்.

— மறந்துட்டாரா? அவர் எழுதும்போது வீடு இருந்ததா?

— இருந்திருக்கும்.

— இருந்திருக்குமா, இருந்ததா?

— ஐஸ் கம்பெனி வக்கீலே தேவலாம் போல! முளைக்குழி பொய் சொல்லாது அண்ணி. தாள்ல யாரு வேணா என்ன வேணா எழுதலாம். மண்ணுல இருக்கிற குழியை யாரு மாத்த முடியும்?

— அதோ உன் தலைக்கு மேல ஒரு போட்டோ தொங்குதே, அதைக் கழட்டு. தூசியை என் மேல ஊதாதே. இதுல யாரு இருக்கா?

— அப்பா. ராட்டினத்துக்கு முன்னாடி நிக்கறார். அண்ணன் கைக்குழந்தை.

— ராட்டினத்துக்குக் கிழக்குப் பக்கம்?

— தண்ணித் தொட்டி.

— போன வருஷம் ராட்டினம் எங்க நின்னுது?

— தொட்டிக்கு அந்தப் பக்கம்.

— தொட்டியைத் தாண்டி நின்னுது, இல்லையா? போட்டோவுல தொட்டிக்கு இந்தப் பக்கம் நிக்குது.

— தொட்டியை இடிச்சு மாத்திக் கட்டியிருப்பாங்க.

— கல் தொட்டி. அடியில வருஷம் செதுக்கியிருக்கு, நீ பிறக்கிறதுக்கு முன்னாடி, உங்கப்பா பிறக்கிறதுக்கும் முன்னாடி. உன் முளை நடக்காது, ஆனா கல் தொட்டி எழுந்து நடக்கும். அப்படித்தானே?

— ...போட்டோவைத் திருப்பிக் கழுவியிருக்கலாம்ல?

— அப்போ உங்கப்பா சட்டைப் பை வலது பக்கம் இருந்திருக்கணும். இடது பக்கம்தான் இருக்கு. சரி, அடுத்து. நீ முளை அடிக்கிறதை எனக்குச் சொல்லு. முதல்லேருந்து. பதினஞ்சு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், சத்தம் கேட்டிருக்கேனே தவிர பக்கத்துல நின்னு பாத்ததில்ல. ஒண்ணுமே தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

— அதுல என்ன அண்ணி இருக்கு. சந்தைக்கு நாலு நாள் முன்னாடி புல்லைச் செதுக்குவேன். செதுக்கினா போன வருஷத்துக் குழியெல்லாம் தெரியும், கொஞ்சம் கறுப்பா, வட்டமா. ஒவ்வொரு கடைக்கும் ஆறு முளை. ராட்டினத்துக்கு இருபத்து நாலு, அது இரும்பு முளை. குழியைப் பாத்து முளையை வெச்சு, கொஞ்சம் சாய்ச்சு அடிக்கணும், கயிறு இழுக்கிற பக்கத்துக்கு எதிரா. நேரா அடிச்சா பிடுங்கிக்கும்.

— குழியிலேயே அடிப்பியா?

— அய்யோ, பழைய குழியில யாராவது அடிப்பாங்களா? மண்ணு தளந்து போயிருக்கும். காத்தடிச்சு கூரைத்துணி இழுத்தா, ஆடற பல்லு மாதிரி ஆடிட்டு வந்துடும். குழியிலேருந்து ஒரு முழம் விட்டு, புது மண்ணுல அடிக்கணும். அதுதான் தொழிலே.

— எந்தப் பக்கம் ஒரு முழம்?

— கிழக்கே.

— போன வருஷம்?

— கிழக்கே.

— அதுக்கு முந்தின வருஷம்?

— எல்லா வருஷமும் கிழக்கேதான். அப்பா அப்படித்தான் அடிச்சார், நானும்... ஏன் அண்ணி டம்ளரை வெச்சுட்டு என்னையே பாக்கறீங்க?

— கொழுந்தனாரே, இப்ப நீங்க சொன்னது உங்க காதுல விழுந்துதா?

— ஒரு முழம்தானே! அது தள்ளறது இல்ல அண்ணி, பக்கத்துல அடிக்கறது. பக்கத்து நாற்காலியில மாறி உக்காந்தா வேற ஊருக்குப் போயிட்டோம்னா அர்த்தம்?

— வருஷா வருஷம் ஒரே பக்கம் மாறி மாறி உக்காந்தா, ஒரு நாள் வாசலுக்கு வெளியிலதான் உக்காந்திருப்பே. சபையில ஒரு முழம்னு சொன்னியே, நல்லவேளை, 'ஒவ்வொரு வருஷமும்'னு சேத்துச் சொல்லல.

— ...அண்ணி.

— சொல்லு.

— எனக்குக் கணக்கே குழம்புது.

— எனக்கு இப்பத்தான் தெளியுது. உன் முழம் எவ்வளவு? கையை நீட்டு.

— கை வேண்டாம். கொட்டாப்புளிப் பிடியே முழக்கோல்தான். அவங்கவங்க கை அளவுக்கு, முழங்கையிலேருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வெட்டிப் போட்டுக்கறது. குழியில ஒரு முனையை வெச்சுப் படுக்கப் போட்டா, அடுத்த முனையில புது முளை.

— உங்கப்பாவோடது?

— கூடத்துல மாட்டியிருக்கே, நாலும். நீங்ககூட அழுக்குத் துணி தொங்கவிடறீங்களே.

— அதுதானா அது! நான் என்னமோ பழைய விறகுன்னு நினைச்சேன். கொண்டா, நாலையும் கொண்டா.

— இந்தாங்க. இது பூட்டனோடது. இது பாட்டனோடது, ஆளு குள்ளம், பிடியைப் பாத்தாலே தெரியும். இது அப்பா. இது என்னோடது.

— உன்னோடது பதினெட்டு அங்குலம். அப்பாவோடது... இருபது. நல்ல உயரமோ?

— நிலைப்படியில குனியாம வரமாட்டார்.

— இதுல வரிசையா வெட்டு வெட்டா இருக்கே, இது என்ன?

— ஒரு சந்தைக்கு ஒரு வெட்டு. முளையடிச்சு முடிச்சதும் உளியால ஒண்ணு போட்டுக்கணும். பூட்டனோட முதல் வெட்டைப் பாருங்க, எவ்வளவு ஆழம்! மொதல் சந்தை. பதினோரு கடைதானாம், மழை வேற. இந்தப் பெருக்கல் குறி வெள்ளம் வந்த வருஷம், சந்தை நடக்கல. பாட்டன் பிடியில ஒரு நீள வெட்டு இருக்கு பாருங்க, மொதல் ராட்டினம் வந்த வருஷம். மரத்துல நாலு பொட்டி, ரெண்டு ஆள் கையால சுத்தணும். இந்தச் சூடு போட்ட புள்ளி, ரெண்டாம் வரிசை தீப்பிடிச்ச வருஷம். அதுக்கப்புறம்தான் தீ வண்டிக்கு வழி விட்டாங்க.

— தம்பி, இந்த ஊர் சந்தையோட சரித்திரம் எங்கடான்னு ஆபீஸ்ல ரெண்டு அலமாரியைக் கவுத்துத் தேடினேன். இங்க என் கைப்பிடித் துணிக்குக் கீழ தொங்கிட்டு இருந்திருக்கு.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.

— சும்மா இரு, எண்ணிக்கறேன். உன்னோடது பதினாலு. பதினாலு பதினெட்டு, எரநூத்தி அம்பத்திரெண்டு அங்குலம். இருபத்தோரு அடி. அப்பாவோடது... முப்பத்தி ஏழு, முப்பத்தி எட்டு. முப்பத்தி எட்டு இருபது எழுநூத்தி அறுபது. அறுபத்து மூணு அடி நாலு அங்குலம். ரெண்டையும் கூட்டு.

— எண்பத்து நாலு... எண்பத்து நாலு அடி நாலு அங்குலம்.

— நான் டேப்புல அளந்தது எண்பத்து நாலு. நாலு அங்குலம் கைப்பிசகு, விட்டுடு.

— இருங்க அண்ணி, இருங்க. கணக்கு இடிக்குது. பாட்டனும் பூட்டனும் அறுபது வருஷம் அடிச்சிருக்காங்களே! அவங்களும் கிழக்கே போயிருந்தா, இந்நேரம் ராட்டினம் ஐஸ் கம்பெனி குளிர் ரூமுக்குள்ள சுத்திட்டு இருக்கணும்.

— பரவாயில்லையே! நான் கேக்க இருந்ததை நீ கேட்டுட்டே. அவங்க பிடியையும் உங்கப்பா பிடியையும் பக்கத்துல வெச்சுப் பாரு. என்ன வித்தியாசம்?

— அப்பாவோட வெட்டெல்லாம் ஒரே பக்கம். அவங்களோடது ரெண்டு பக்கமும் இருக்கு. அது அந்தக் காலத்து அழகு அண்ணி. நான் சின்னதுலேருந்து பாத்திருக்கேன்.

— அழகுன்னா ஏன் வலது, இடது, வலது, இடதுன்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வருது? பூட்டனுக்கு வலது பதினாலு, இடது பதிமூணு. பாட்டன் இடதுல ஆரம்பிக்கறார். இடது பதினேழு, வலது பதினாறு. கூட்டிக் கழிச்சுப் பாரு.

— முப்பது... முப்பது.

— ஒரு வருஷம் கிழக்கே ஒரு முழம், அடுத்த வருஷம் மேற்கே ஒரு முழம். குழி ரெண்டு வருஷம் சும்மா கிடக்கும். ரெண்டு மழை குடிச்சு, ஊர்ஜனம் மிதிச்சு, மண்ணு மறுபடி இறுகிடும். அறுபது வருஷத்துல உங்க சந்தை இருந்த இடத்துலயே மூச்சு விட்டிருக்கு. வேற எங்கயும் போகல.

— அப்போ அப்பாவுக்கு அது தெரியலையா? பாட்டன் சொல்லிக் குடுக்கலையா?

— உங்கப்பா பாட்டனோட எத்தனை வருஷம் கூட இருந்து அடிச்சார்?

— எட்டோ பத்தோ. பாட்டனுக்குக் கண்ணு மங்கினப்புறம் அப்பாதான் குழி காட்டுவார்.

— கிழக்கே ஒரு தரம், மேற்கே ஒரு தரம்னு எட்டு வருஷம் குழி காட்டின மனுஷன், கொட்டாப்புளி தன் கைக்கு வந்ததும் மேற்கு எதுன்னு மறந்துட்டாரா?

— அப்பா எதையும் மறக்கிற ஆளு இல்ல.

— தம்பி, அவர் பிடியில மூணு இடத்துல குட்டியா ஒரு கட்டம் போட்டிருக்காரே. இது என்ன வருஷம்? வெள்ளமா, தீயா?

— அது தெரியாது. கேட்டா சிரிப்பார்.

— முதல் கட்டம் பத்தாவது வெட்டுல. ரெண்டாவது இருபத்து நாலாவதுல. மூணாவது முப்பத்து ஏழுல. பத்தாவது வெட்டுன்னா நாப்பத்திரண்டு வருஷம் முன்னாடி.

— அண்ணன் பிறந்த வருஷம். முன்னறை கட்டினது அப்பத்தான்னு அப்பா சொல்லுவார்.

— அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?

— கூரைத்துணி அடுக்கி வைக்கிற கொட்டகையில. அப்பா மூணு தடவை சபைக்கு மனு எழுதியிருக்கார், ஒரு மனை குடுங்கன்னு. 'வருஷத்துல நாலு நாள் முளையடிக்கிறவனுக்கு மனை எதுக்கு'ன்னு சிரிச்சாங்களாம். அதை மட்டும் கோவமா சொல்லுவார், மத்ததெல்லாம் சிரிச்சுட்டே சொல்லுவார்.

— பத்து முழம், அவர் முழத்துல பதினாறு அடி எட்டு அங்குலம். இந்த முன்னறை நீளம் எவ்வளவுன்னு நினைக்கறே?

— பதினாறு.

— இருபத்து நாலாவது வெட்டு?

— எனக்குப் பத்து வயசு. கூடம் கட்டினாங்க, நான் செங்கல் தூக்கிக் குடுத்தேன். முப்பத்து ஏழாவது...

— நான் சொல்றேன். நான் கல்யாணமாகி வந்த வருஷம். அடுப்படிச் சுவர் காயவே இல்ல, சாய்ஞ்சா முதுகெல்லாம் சுண்ணாம்பு. நானும் இத்தனை நாளா கிண்டல் பண்ணிட்டு இருந்தேன், இது என்ன வீடு, ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ஒரு வாசலும் இன்னொரு வாசலுக்கு நேரா இல்லேன்னு. சந்தை நகர நகர மனுஷன் பின்னாடியே கட்டிட்டு வந்திருக்கார்.

— திருடினார்ங்கறீங்களா?

— அளந்தார்ங்கறேன். ஒரு ஆளும் கவனிக்காத அளவுக்கு, பிள்ளை வளர்ற வேகத்துல. நான் பாத்த அளவுக்காரங்கள்ல இவ்வளவு பொறுமையா ஒருத்தர் இல்ல. நீ மட்டும் சும்மாவா? உன் பதினாலு வருஷத்துல நம்ம கொல்லை இருபத்தோரு அடி நீண்டிருக்கு. வேலியை யாரு நகத்தினது?

— சத்தியமா தெரியாம அண்ணி! சந்தை கொஞ்சம் விலகின மாதிரி இருந்துது, வேலி கோணலா இருந்துது, சரி பண்ணினேன்.

— பதினாலு தடவை சரி பண்ணியிருக்கே.

— நீங்கதானே துணி காயப்போட இடம் இல்லேன்னீங்க!

— சொன்னேன். மணி பத்தரை ஆகப்போகுது. கேட்டுக்கோ, ரெண்டு விதமா எழுத முடியும். 'குழிகள் பழையவை, ஆரம்ப இடம் தெளிவாக இல்லை'ன்னு எழுதினா, ஐஸ் கம்பெனிக்காரர் வழக்குப் போடுவார், அது பத்து வருஷம் நடக்கும், சந்தை அதுவரைக்கும் இருக்கிற இடத்துல இருக்கும். இந்த வீடும் இருக்கும். பிடியில இருக்கிறதை நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது.

— இன்னொரு விதம்?

— உள்ளதை எழுதறது.

— அவர் நிலம் எண்பத்து நாலு அடி நிஜமாவே அவரோடதா?

— நிஜமாவே அவரோடது. மனுஷன் பல்லைக் காட்டறது வேணா நமக்குப் பிடிக்காம இருக்கலாம்.

— சரி. சந்தையை எண்பத்து நாலு அடி மேற்கே இழுத்தா ராட்டினம் எங்க வரும்?

— தொட்டிக்கு இந்தப் பக்கம். போட்டோவுல உங்கப்பா நிக்கிற இடத்துல.

— இடம் பத்துமா?

— அளவா பத்தும். வீட்டுக்கு ரெண்டு பக்கமும் லாரி நிறுத்தறாங்களே, அதுவும் சந்தை நிலம்தான். ஒரு வரிசைகூட குறையாது. நடுவுல இந்த வீடு மட்டும் நிக்கும், மூணு வரிசையை மறிச்சுக்கிட்டு.

— இடிக்கணும்னு எழுதுவீங்களா?

— நான் அளக்கிறவ. இருக்கிற இடத்தை எழுதுவேன். என்ன பண்றதுன்னு சபை சொல்லும். சபை பத்திரத்தைப் பாக்கும்.

— அதை இன்னொரு தடவை வாசிங்க.

— 'சந்தை கூடும் காலமெல்லாம் சந்தைக்கே.'

— சந்தை கூடாத மத்த நாள்ல அங்க யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு இருக்கா?

— ...இல்ல. அப்படி ஒரு வரி இல்ல. ஏன், எங்க எழுந்து போறே? கொட்டாப்புளியை எடுத்துட்டு? கீழ வெச்சிடறேன்னு சபையில சொன்னியே!

— வெக்கறேன். கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டு வெக்கறேன். இந்த வருஷ வெட்டு இடது பக்கம், மேற்கே அண்ணி. நீங்க உள்ளதை எழுதுங்க. கூடம் எந்த வரிசையில வரும்?

— ரெண்டாவது. தம்பி, என் அடுப்படி?

— மூணாவது வரிசை. அங்க எப்பவும் டீக்கடைதான். அடுப்பை நகத்த வேண்டாம், பெரிய பாத்திரமா ஒண்ணு மட்டும் பாத்து வைங்க.

— உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை வந்து கதவைத் தொறந்தா என்ன சொல்லுவார்?

— கதவைக் கழட்டித்தானே வெச்சிருப்போம். போற வழியில பொம்மைக்காரருக்கு ஒரு போன் போட்டுடுங்க அண்ணி, ஒண்ணாம் நம்பர் கடை எப்பவும் போல அவருக்குத்தான், ஆனா இந்த வருஷம் நம்ம முன்னறையில.